அத்தியாயம் 6: நேட்டாலுக்குக் கப்பல் ஏறியவரைத் தேடுவது

இந்த அத்தியாயம் இரண்டு வகை வாசகருக்கு. ஒருவர், “தாத்தாவோட சித்தப்பா ஒருத்தர் நேட்டாலுக்குப் போனவர், திரும்பவே இல்லை” என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர். இன்னொருவர், தங்கள் பூர்விக ஊர் எது என்று டர்பனிலிருந்து ஒரு குடும்பம் கேட்டு எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று திகைப்பவர். தென்னாப்பிரிக்காவில் நான்காம், ஐந்தாம் தலைமுறையில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அங்கே உள்ள காகிதங்களை அவர்களால் எடுத்துவிட முடியும். ஆனால் ஒரு வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிவைத்த ஊர்ப்பெயரைக் கண்டுபிடிக்கத் தமிழ்க் காது வேண்டும். அந்த வேலை உங்களுடையது.

பின்னணி, தேவையான அளவுக்கு

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக 342 பேருடன் இன்றைய தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பன் சேர்ந்தது. 1866இல் நின்ற ஆள் ஏற்றுமதி 1874இல் மறுபடி தொடங்கி 1911இல் முடிந்தது. மொத்தம் சுமார் 1,52,000 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். தமிழர்களும் தெலுங்கர்களும் அதில் கலந்திருக்கிறார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்த பிறகு சிலர் மறுபடி ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். சிலர் காய்கறி பயிரிட்டுப் பிழைத்தார்கள். சிலர் ஊர் திரும்பினார்கள். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்குகிறவர் தலைக்கு மூன்று பவுன் ஆண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது; 1914இல் அது நீங்கியது. தேடலைத் தொடங்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

பெயரைவிட எண் முக்கியம்

நேட்டாலில் இறங்கிய ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். அதைக் காலனி எண் என்பார்கள். ட்ரூரோவில் 1இல் தொடங்கி, கப்பல் கப்பலாக ஏறிக்கொண்டே போகும் எண் இது. ஒரே ஆளின் பெயரைக் கப்பல் பட்டியலில் ஒரு மாதிரியும், தோட்டத்துக் கணக்கில் வேறு மாதிரியும், பிள்ளையின் பிறப்புப் பதிவில் மூன்றாவது மாதிரியும் எழுதியிருப்பார்கள். எண் மட்டும் மாறாது. குடியேறியவர் காப்பாளர் என்ற அதிகாரியின் அலுவலகம் திருமணம், பிறப்பு, இறப்பு, புகார், விடுதலைச் சீட்டு என்று எதை எழுதினாலும் பெரும்பாலும் எண்ணையும் சேர்த்தே எழுதியது. ஆகவே உங்கள் முதல் இலக்கு ஊர் அல்ல, அந்த எண். ‘முனுசாமி’ என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கப்பல் பட்டியலில் இறங்கினால், நூற்றுக்கணக்கான முனுசாமிகளில் உங்களுக்குப் பிடித்த ஒருவரைத் தாத்தா ஆக்கிவிடுவீர்கள். இந்தத் தேடலில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

படி 1: உயிரோடு இருப்பவர்களிடம் கேட்பது

ஆவணக் காப்பகம் எங்கும் போய்விடாது. எண்பத்தைந்து வயது அத்தை அப்படியல்ல. குடும்பத்தில் மூத்தவர் யாரோ அவரிடம் முதலில் பேசுங்கள். தென்னாப்பிரிக்கக் குடும்பத்துக்காகத் தேடுகிறீர்கள் என்றால், அங்கே உள்ள மூத்தவரிடம் அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளை நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

1. “எந்த ஊர்?” என்று தொடங்க வேண்டாம். “தெரியாது” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். “உங்க தாத்தாவை ஆயா எப்படிக் கூப்பிடுவாங்க?”, “எந்தக் கரும்புத் தோட்டத்தில இருந்தாங்க?”, “எந்தக் கோயிலுக்குப் போவாங்க?” என்று கேளுங்கள்.
2. குலதெய்வத்தின் பெயரைக் கேளுங்கள். ஊர் மறந்துபோன குடும்பத்திலும் ‘பச்சையம்மன்’, ‘முனீஸ்வரன்’, ‘பொன்னியம்மன்’ என்று பூசையில் சொல்லும் பெயர் நின்றிருக்கும். என்ன படைப்பார்கள், கிடா வெட்டுவார்களா, எந்த மாதம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.
3. உடன்பிறந்தவர்கள் எல்லாருடைய பெயரையும் வாங்குங்கள். பிள்ளையில்லாமல் இறந்த சித்தப்பாவையும் விட்டுவிடாதீர்கள். பின்னால் அவர்தான் கைகொடுப்பார். காரணம் அடுத்த படியில் வருகிறது.
4. அனுமதி கேட்டுக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். எழுதிக்கொண்டே கேட்டால் உச்சரிப்பு போய்விடும். இந்த வேலையில் உச்சரிப்பும் ஒரு ஆதாரம்.

குறிப்பு: டிரங்குப் பெட்டியில் பழைய கடிதம், மணியார்டர் துண்டு, டர்பன் ஸ்டூடியோ முத்திரை பதித்த படம் ஏதாவது கிடைத்தால் லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், மடிப்பை விரலால் அழுத்தி நீவாதீர்கள். நிழலான பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படமெடுத்துவிட்டுக் காகித உறையில் வையுங்கள். கடிதத்தைப் போலவே உறையையும் பத்திரப்படுத்துங்கள். அஞ்சல் முத்திரையில் ஊரும் ஆண்டும் இருக்கும்.

படி 2: இன்றிலிருந்து பின்னோக்கி நடப்பது

முதல் ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கி வர ஆசை வரும். அதை அடக்குங்கள். உறுதியாகத் தெரிந்த கடைசித் தலைமுறையிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். ஒவ்வொரு தலைமுறை இணைப்புக்கும் ஒரு காகிதம் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் கிடைப்பவற்றில் மிகவும் பயன்படுவது இறந்தவரின் சொத்துக் கோப்பு. அதில் ‘இறப்பு அறிவிப்பு’ என்ற படிவம் இருக்கும். இறப்புச் சான்றிதழ் வேறு, இது வேறு. இறந்தவரின் தாய் தந்தை பெயர், பிறந்த இடம், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் என்று குடும்பமே ஒரு தாளில் அடங்கியிருக்கும். பிள்ளையில்லாதவரின் கோப்பு என்றால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை பெயர்கள் வரும். சித்தப்பாவை விடாதீர்கள் என்றது இதற்காகத்தான். நேட்டால் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடல் பட்டியலில் பெயரைப் போட்டால் கோப்பு எண் வரும்; கோப்பின் படம் வராது. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கிக்கொண்டால் பல பதிவுகளின் படங்களையே பார்க்கலாம்.

கூலி வேலை செய்து ஒன்றும் சேர்க்காமல் இறந்தவருக்குச் சொத்துக் கோப்பு இல்லாமல் போகலாம். அப்போது அவருடைய பிள்ளைகளின் திருமணப் பதிவைத் தேடுங்கள். காப்பாளர் அலுவலகத்தில் பதிவான பிறப்பிலும் திருமணத்திலும் பெற்றோரின் காலனி எண் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

குடும்பப் பெயரை நம்பி ஏமாறாதீர்கள்

தமிழ்நாட்டில் நமக்கு முதலெழுத்துதான். அங்கே ஒரு குடும்பப் பெயர் கட்டாயமாயிற்று. பலருக்குத் தகப்பன் பெயரே குடும்பப் பெயராக உறைந்துபோனது: முன்சாமி, பெருமாள், வீராசாமி, சின்னசாமி. வேறு சிலர் பட்டப்பெயரை எடுத்துக்கொண்டார்கள். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார், முதலியார் ‘மூட்லி’ ஆனார். பிள்ளை, நாயுடு, படையாச்சி, செட்டி அப்படியே நின்றன. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் அண்ணன் பெருமாள் என்றும் தம்பி கோவெண்டர் என்றும் பதிவாகியிருப்பது சாதாரணம். குடும்பப் பெயர் ஒத்துவரவில்லை என்று ஒரு பதிவைத் தள்ளிவிடாதீர்கள். ஒத்துவருகிறது என்பதற்காக ஒரு பதிவை ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம்.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் நம் வழக்கம் இன்னொரு பொறி. ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்ப வரும். பிறந்த ஆண்டைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதாமல் எந்தப் பெயரையும் குறிக்காதீர்கள்.

படி 3: கப்பல் பட்டியலில் ஒரு வரியைப் படிப்பது

எண் கிடைத்ததும் கப்பல் பட்டியலுக்குப் போகலாம். டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதூலி ஆவண மையத்தில் இந்தப் பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன.

ஒரு வரி எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு மாதிரியை நானே அமைத்திருக்கிறேன். எண். பெயர் ‘மொனிசாமி’. தகப்பன் ‘சின்னபையன்’. வயது 22. ஆண். சாதி. ஜில்லா வட ஆற்காடு. தாலுகா ‘போலூர்’. கிராமம் ‘கல்லஸ்பாக்’. அங்க அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு. பிறகு எந்தத் தோட்ட முதலாளியிடம் அனுப்பினார்கள் என்ற குறிப்பு. இதை இப்படிப் படியுங்கள்:

1. பெயர். வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த எழுத்தருக்கு ழ, ள, ல மூன்றும் ஒன்று. குறில் நெடில் கிடையாது. இரட்டித்த மெய் ஒற்றையாகும். மொனிசாமி என்பவர் முனுசாமியாகவோ முனிசாமியாகவோ இருக்கலாம். இரண்டையும் எழுதி வையுங்கள்.
2. தகப்பன் பெயர். அடையாளம் உறுதிப்பட இதுதான் பெரிய உதவி. ‘பையன்’, ‘குட்டி’ போன்றவை செல்லப்பெயராக இருக்கலாம். ஊரில் பத்திரத்தில் வேறு பெயர் இருக்கும்.
3. வயது. மதிப்பீடு. நான்கைந்து வருடம் முன்பின் இருந்தால் தள்ளிவிட வேண்டாம்.
4. சாதி. நம்பகம் குறைந்த நிரல். கப்பல் ஏறும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும் என்று மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. எழுத்தர் தானாக எழுதியதும் உண்டு. அக்கால ஆங்கிலேயர் தமிழரை ‘மலபார்’ என்றும் தெலுங்கரை ‘ஜென்டூ’ என்றும் குறிப்பிடுவார்கள். அந்தச் சொற்களைக் கண்டால் அவை சாதியும் அல்ல, கேரளமும் அல்ல.
5. மேலும் கீழும். உங்கள் ஆளின் வரியோடு நிறுத்தாதீர்கள். குடும்பமாகப் போனவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து கிளம்பியவர்களும் அருகருகே இருப்பார்கள். மேலே பத்து வரி, கீழே பத்து வரி படியுங்கள். உங்கள் ஆளின் ஊர்ப்பெயர் சிதைந்திருந்தாலும் பக்கத்து ஆளுக்கு அதே ஊர் தெளிவாக விழுந்திருக்கலாம்.

தனியாகப் போன பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்று விதி இருந்ததால் தனிப் பெண்களையும் சேர்த்தார்கள். விதவைகள், கணவனை விட்டு வந்தவர்கள், பஞ்சத்தில் வீடிழந்தவர்கள் என்று அவர்கள் வந்த வழி பல. “தனியாகப் போனவள்” என்ற ஒரு வரியை வைத்து அவரைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். பல குடும்பங்கள் இந்த ஆயாக்களைத் தங்கள் மரத்திலிருந்தே விட்டுவிடுகின்றன. அவருடைய எண்ணையும் அவருடைய ஊரையும் தனியாகத் தேடுங்கள். தேடச் சொன்ன குடும்பம் அவருக்கும் அதே அளவு சொந்தம்.

படி 4: ஊரைக் கண்டுபிடிப்பது

இன்றைய மாவட்ட வரைபடத்தை மூடி வையுங்கள். வட ஆற்காடு ஜில்லா என்றால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களின் பகுதிகள். 1911 வரை சித்தூரும் அதில்தான். ஆகவே ‘வட ஆற்காடு’ என்று பதிவானவரின் ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம். தென் ஆற்காடு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பிரிந்திருக்கிறது. செங்கல்பட்டு ஜில்லாவில் இன்றைய காஞ்சிபுரமும் திருவள்ளூரும் அடக்கம். சேலம் என்றால் தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் சேர்த்துப் பாருங்கள்.

1. முதலில் தாலுகாவை உறுதி செய்யுங்கள். ‘வாண்டிவாஷ்’ வந்தவாசி, ‘வாலாஜாபெட்’ வாலாஜாபேட்டை. பழைய தாலுகா எல்லைகளுக்கு மாவட்டக் கையேடுகள் உதவும்: வட ஆற்காட்டுக்குக் காக்ஸ் 1881இல் எழுதியது, தென் ஆற்காட்டுக்குக் கார்ஸ்டின் 1878இல் எழுதியது, சேலத்துக்கு லெ ஃபானு 1883இல் எழுதியது.
2. அந்தத் தாலுகாவின் கிராமப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துப் பதிவில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ‘பாக்கம்’ பாக் ஆகும், ‘பேட்டை’ பெட் ஆகும், ‘பட்டு’ புட் ஆகும். மாதிரி வரியில் உள்ள ‘கல்லஸ்பாக்’ கலசப்பாக்கம் என்பது இப்படித்தான் பிடிபடும். அன்று அது போளூர் தாலுகா.
3. ஒன்று கிடைத்ததும் நின்றுவிடாதீர்கள். புதூர், நல்லூர், மேல்பாக்கம் போன்ற பெயர்கள் ஒரே தாலுகாவில் இரண்டு மூன்று இருக்கும். எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள்.
4. படி 1இல் குறித்த குலதெய்வத்தை இப்போது கொண்டுவாருங்கள். பட்டியலில் உள்ள எந்த ஊரில் அந்தத் தெய்வத்தின் கோயில் இருக்கிறது, அதற்குப் பங்காளிகள் யார் என்று விசாரியுங்கள். மூன்று ஊர் ஒரு ஊராகக் குறைய இதைவிட நல்ல வழி இல்லை.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அரசு ஆவணங்கள் இருக்கின்றன. ஆனால் ஊர் தெரிந்து, ஆண்டு தெரிந்து, இன்ன பதிவேடு வேண்டும் என்று கேட்கத் தெரிந்த பிறகு அங்கே போங்கள். கைவீசிக்கொண்டு போனால் நாள் வீணாகும்.

படி 5: ஊருக்குப் போவது

இந்தப் படியில் அவசரம் கூடாது. காப்பகத்தில் செய்யும் தவறைத் திருத்திவிடலாம். ஊரில் செய்யும் தவறு மனிதர்களுக்கு இடையில் நின்றுவிடும்.

வெளிநாட்டிலிருந்து பங்காளி வருகிறார் என்ற செய்தி கேட்டதும் ஊரில் எழும் முதல் கேள்வி நிலத்தைப் பற்றியது. நூறு வருடத்துக்கு முன் போனவரின் பங்கைக் கேட்க வந்திருக்கிறார்களோ என்ற பயம் நியாயமானது. அதைக் குறைவாக எடைபோடாதீர்கள். இப்படிச் செய்யுங்கள்:

1. முதல் முறை நீங்கள் மட்டும் போங்கள். டர்பன் குடும்பத்தையும் கேமராவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.
2. கோயில் பூசாரி, ஓய்வுபெற்ற ஆசிரியர், வயதில் மூத்த ஒருவர் என்று யாராவது ஒருவர் மூலமாகப் பேச்சைத் தொடங்குங்கள். முதல் வாக்கியத்திலேயே “சொத்து விஷயமா வரலீங்க, முன்னோரைத் தேடித்தான் வந்தேன்” என்று சொல்லிவிடுங்கள். சிட்டா, பட்டா என்று எந்தச் சொல்லையும் அன்று எடுக்காதீர்கள்.
3. விடையைக் கேள்வியிலேயே கொடுத்துவிடாதீர்கள். “உங்க வம்சத்தில சின்னப்பையன் மகன் முனுசாமி நேட்டாலுக்குப் போனாராமே?” என்று கேட்டால் “ஆமா” என்றுதான் பதில் வரும். “உங்க குடும்பத்தில கப்பலுக்குப் போனவங்க யாராவது உண்டா? அவங்க அப்பா பேர் என்ன?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.
4. கப்பல் பட்டியலின் நகலைத் தேநீர்க் கடையில் விரிக்காதீர்கள். அதில் சாதி நிரல் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஒரு பட்டப்பெயரோடு நான்கு தலைமுறை வாழ்ந்துவிட்ட குடும்பத்துக்கு இந்த ஊரில் எந்தத் தெருவுக்குள் வழி காட்டுவார்கள் என்பது அந்த ஒரு சொல்லால் மாறிவிடக்கூடும். அந்த நிரலை மறைத்த நகல் ஒன்றைத் தனியாக எடுத்துச் செல்லுங்கள். முழு வரியையும் தேடச் சொன்ன குடும்பத்திடம் மட்டும், தனிமையில், அந்த நிரல் எவ்வளவு நம்பகமானது என்ற விளக்கத்தோடு கொடுங்கள். எதை வெளியில் சொல்வது என்பது அவர்கள் முடிவு.
5. மூன்று சான்று விதி: தகப்பன் பெயர், ஊர், இவற்றோடு வேறு வழியில் தனியாகக் கிடைத்த மூன்றாவது ஒன்று. குலதெய்வம், உடன்பிறந்தவர் பெயர், பழைய கடிதம் எதுவானாலும் சரி. மூன்றும் சேராமல் “சொந்தம்” என்ற சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள். கோயிலில் மாலை போட்டு வரவேற்ற பிறகு “தப்பாகிவிட்டது” என்று சொல்வது இரண்டு குடும்பத்துக்கும் கொடுமை.
6. உறவு உறுதியாகும்வரை இரு தரப்புக்கும் இடையில் பணம் எதுவும் கைமாற விடாதீர்கள். கோயில் திருப்பணிக்கு என்றாலும் அதுவே விதி.

கவனம் தேவைப்படும் வேறு சில

காப்பாளர் அலுவலகக் கோப்புகளில் சவுக்கடி, தற்கொலை, சிறை, மனைவியை இழந்த வழக்கு எல்லாம் வரும். இவற்றைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். கேட்டவரிடம் முதலில் “கஷ்டமான செய்தியும் இருக்கிறது, சொல்லவா?” என்று கேளுங்கள். மரபணுப் பரிசோதனை செய்ய நினைத்தால், அது உறவை உறுதிப்படுத்துவதைப் போலவே மறைந்திருந்த உண்மையையும் வெளியே கொண்டுவரும் என்பதை எச்சில் கொடுப்பவருக்கு முன்பே விளக்கி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஊர்க்காரரை வற்புறுத்தவே கூடாது. இந்திய வம்சாவளிச் சான்றுக்காகத் தேடுபவர்கள், எந்தெந்தச் சான்றிதழ்கள் எந்த வடிவில் வேண்டும் என்று தூதரகத்தில் முதலில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கட்டும். “ஊர் கண்டுபிடித்துத் தருகிறோம்” என்று முன்பணம் கேட்பவரிடம் காலனி எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். எண் இல்லாத அறிக்கைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

எண்ணே கிடைக்காதபோது

- அவர் சொந்தச் செலவில் போனவராக இருக்கலாம். அப்படிப் போனவர்களைப் ‘பயணி இந்தியர்’ என்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் குஜராத் வணிகர்கள் என்றாலும் தமிழரும் உண்டு. இவர்களுக்குக் காலனி எண் கிடையாது.
- மொரீஷியஸ் வழியாகப் போயிருக்கலாம். அப்படியென்றால் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில் தேட வேண்டும்.
- ஒருமுறை ஊர் திரும்பி மறுபடி கப்பல் ஏறியவருக்கு இரண்டு எண்கள் இருக்கலாம். உங்களுக்குக் கிடைத்தது இரண்டாவதாக இருந்தால் வயதும் குடும்ப விவரமும் ஒத்துவராதது போலத் தோன்றும்.
- அவர் திரும்பி வந்தே இருக்கலாம். 1914க்குப் பிறகும், குறிப்பாக 1927 கேப்டவுன் ஒப்பந்தத்துக்குப் பிறகும், பயணச் செலவும் ஊக்கத் தொகையும் கொடுத்து இந்தியர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படி வந்தவர்களில் நேட்டாலிலேயே பிறந்து, தமிழ்நாட்டை முதன்முறையாகப் பார்த்தவர்கள் ஏராளம். பலர் பூர்விக ஊரில் ஒட்ட முடியாமல் சென்னையில் தங்கினார்கள். உங்கள் குடும்பத்தில் “ஆப்பிரிக்காவில் பொறந்தவங்க” என்று ஒரு பாட்டி இருந்திருந்தால், அவருடைய நேட்டால் பிறப்புப் பதிவிலிருந்து தொடங்குங்கள். அதில் அவர் தகப்பனாரின் எண் இருக்கும் வாய்ப்பு அதிகம்.